சூஸுக்குப் போன பலகைகள்

நஜ்வாவின் குரல் செய்தி வந்தபோது வெரோனிக்கா விமான நிலையச் சமையற்கூடத்தில் வேலை முடித்து உடை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"வெரோ, அடுத்த கிழமை நான் பிராங்பேர்ட் வருகிறேன். எங்கள் நாட்டுக்கு முதலீடு கேட்டு ஒரு குழு வருகிறது. கேபிள் தொழிலைப் பற்றிப் பேச என்னையும் கூட்டிவருகிறார்கள். நீ கட்டாயம் வர வேண்டும்."

பேசியது ஜேர்மன்தான். ஆனால் நஜ்வா பேசும் ஜேர்மனில் அரபியின் உருளல் இருக்கும். பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது வெரோனிக்கா அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள்.

வீட்டில் கணவர் ஸ்ரனிஸ்லாஸ் பார்சல் வண்டி ஓடிக் களைத்துப்போய் சோபாவில் சாய்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

"துனிசியாவிலையிருந்தோ?"

"ஓம். சூஸிலையிருந்து. மேடையிலை பேசப் போறாளாம்."

"எங்கட வேலையைக் கொண்டுபோனவையள் இப்ப மிச்சத்தையும் கேட்டு வருகினம்."

"அவளே கொண்டுபோனவள்? கொண்டுபோனது முதலாளி."

"நான் அவளைச் சொல்லேல்லை." அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். "நீர் போறதெண்டால் போம்."

அவருக்கு மனம் ஆறாததில் வியப்பில்லை. இரண்டு பேரும் ஒரே கேபிள் தொழிற்சாலையில் இருந்தார்கள்; இரண்டு வேலையும் ஒரே நாளில் போனது. அவர் அங்கே வயர்ச் சுருள்களை இறக்கி ஏற்றும் பகுதியில் இருந்தார். அவள் பலகையில் நின்றாள்.

காரின் உள்ளுடலைத் திறந்து பார்க்காதவர்களுக்கு அது என்ன வேலை என்று விளங்காது. விளக்கு, ஹோர்ன், கதவு, கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஓடும் வயர்களை ஒரே கட்டாகக் கட்டித்தான் காருக்குள் வைப்பார்கள். பிடுங்கிப் போட்ட பெரிய மரத்து வேர் போல இருக்கும் அந்தக் கட்டு. அதை மெஷினிடம் விட ஏலாது. கதவளவு பலகையில் வயரைத் தாங்கும் கவைகள் அடித்திருக்கும். அதன் முன்னால் நின்று, நிறம் நிறமான வயர்களைக் கையால் இழுத்துப் படுக்க வைத்து, ஒட்டும் கறுப்பு நாடாவான ரேப்பால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஜேர்மன் தெரியாமல் வந்து சேர்ந்தவர்களுக்கு நிறம் தெரிந்தால் போதும் என்று அந்தத் தொழிற்சாலை கதவைத் திறந்து வைத்திருந்தது. அதனால் யாழ்ப்பாணம், மன்னார்ப் பெண்கள் நிறையப் பேர் அங்கே நின்றார்கள். துருக்கிப் பெண்களும் குரோவேசியப் பெண்களும் அவர்களுக்கிடையே நின்றார்கள்.

பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் போய், கடைசி நிலையத்துக்கு முந்தியதில் இறங்கி, பூச்செடி விற்கும் கண்ணாடிக் கூடத்தைத் தாண்டினால் அந்தத் தொழிற்சாலை ஹால் வந்துவிடும். கல்யாணம் முடித்து வந்த கையோடு வெரோனிக்கா அங்கே சேர்ந்தாள். மகள் லவினியா வயிற்றில் இருந்தபோது நெடுநேரம் எட்டி எட்டி நிற்க முடியவில்லை. பக்கத்துப் பலகையில் நின்ற டொறத்தி அக்கா யாரிடமும் கேட்காமல் இடம் மாறினாள். தன்னுடைய சின்னப் பலகையை இவளுக்குத் தந்துவிட்டு, இவளுடைய பெரிய பலகையில் தான் நின்றாள். மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். டொறத்தி அக்கா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். பிள்ளை பிறந்ததும் அந்த ஹாலே சேர்ந்து ஒரு தள்ளுவண்டில் வாங்கிக் கொடுத்தது. அப்படியான இடம் அது.

பிறகு ஒரு இளவேனிற்காலத்தில் எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள். காருக்கான கேபிள் வேலை முழுவதும் துனிசியாவுக்குப் போகிறது. அங்கே அரசாங்கம் நிலம் கொடுக்கிறது, வரி குறைக்கிறது, துறைமுகமும் கிட்ட. அங்கிருந்து சில பெண்கள் வருவார்கள், அவர்களுக்கு வேலையைக் காட்டிவிட வேண்டும். சொன்னவர் தண்ணீர் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வந்தவர்களில் ஒருத்திதான் நஜ்வா. வெரோனிக்காவின் வயதுதான் இருக்கும். அதற்கு முன் ஜீன்ஸ் தைக்கும் ஆலையில் கன காலம் இருந்தவள். முதல் நாட்களில் அந்தப் பெண்களோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெரோனிக்காவும் வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசினாள். நஜ்வா அதற்குக் குறைப்படவில்லை. ஒருநாள் ரேப் சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "நான் இருந்த ஜீன்ஸ் ஆலையும் இப்படித்தான் போனது. பங்களாதேஷுக்கு. வேலையைப் பழக எங்களிடமும் அங்கிருந்து ஆட்களை அனுப்பினார்கள்."

இடைவேளையில் வெரோனிக்கா தன்னுடைய தேத்தண்ணிப் போத்தலை நீட்டினாள். அப்போதுதான் தெரிந்தது, அவர்களுக்கு நோன்பு. கோடை நோன்பு, பொழுது படவே மாட்டாது. தங்கியிருந்த விடுதியில் அடுப்பும் இல்லை.

அன்று பின்னேரம் வெரோனிக்கா வீட்டில் அரிசியும் உள்ளியும் தேங்காய்ப்பாலும் போட்டு நோன்புக் கஞ்சி காய்ச்சினாள். மன்னாரில் தங்கள் வீதியில் முஸ்லிம் குடும்பங்கள் இருந்த காலத்தில் குடித்துப் பழகிய கஞ்சி. ஸ்ரனிஸ்லாஸ் புறுபுறுத்தார்.

"வேலையும் குடுத்து கஞ்சியும் குடுக்கிறீரோ?"

ஆனால் கார்த் திறப்பை எடுத்ததும் அவர்தான். சட்டியை இரண்டு துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விடுதிக்குப் போனார்கள். நஜ்வா முதல் கரண்டியைக் குடித்துவிட்டு, அறைக்குள் போய் ஹரிஸ்ஸாக் குப்பியைக் கொண்டுவந்தாள். அவர்கள் ஊர் மிளகாய்ச் சம்பல் அது. இரண்டு கரண்டி கலந்து ஸ்ரனிஸ்லாஸுக்கும் நீட்டினாள். அவர் குடித்தார். கண்ணில் நீர் வந்தது. "இது பரவாயில்லை" என்றார் தமிழில். அந்த மாதம் முழுக்கச் சட்டி போய் வந்தது. கடைசியில் துருக்கிப் பெண்களும் பேரீச்சம்பழத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

அடுத்த கிழமை, முதலீட்டுக் கூட்டத்து நாள் வெரோனிக்கா வேலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு, பூசைக்கு உடுத்தும் சேலையை உடுப்பதா ஜீன்ஸ் போடுவதா என்று கன நேரம் யோசித்து, கறுப்புக் காற்சட்டையும் கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு போனாள். வங்கிக் கட்டடங்களுக்கு நடுவில் ஒரு கண்ணாடி மண்டபம். வாசலில் நஜ்வா அவளுக்கென்று பெயர் அட்டை வைத்துவிட்டிருந்தாள்.

முதலில் ஒருவர் படங்கள் காட்டினார். காருக்கான கேபிள், விமானத்தின் சிறு பாகங்கள், ஆடைத் தொழில், மருந்து, ஒலிவ் எண்ணெய், மென்பொருள், பாலைவன விளிம்பில் சூரிய மின்சாரம். இளம் நாடு, படித்த பிள்ளைகள், ஐரோப்பாவுக்குப் பக்கம் என்றார். கேட்டவர்கள் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். அதன்பிறகு நஜ்வா எழுந்தாள். தலைமுடியில் நரை. சாம்பல் நிறக் கோட். இப்போது அவள் சூஸ் கேபிள் ஆலையின் உற்பத்திப் பகுதிக்குப் பொறுப்பு. அவளுக்குப் பின்னால் திரையில் ஒரு நீள ஹால் தெரிந்தது. வரிசை வரிசையாகப் பலகைகள், முன்னால் பெண்கள். வெரோனிக்கா அந்தப் பெண்களை உற்றுப் பார்த்தாள். முகங்கள்தான் வேறு. நின்ற நிலை அதே நிலை. இடது காலில் பாரம் போட்டு, வலது தோளைச் சாய்த்து.

பேச்சு முடிந்ததும் முன்வரிசையில் ஒருவர் கேட்டார்: "உங்கள் பணியாளர்கள் நிலைத்து நிற்பார்களா?"

நஜ்வா கொஞ்சம் யோசித்தாள். "பெண்கள் நிற்பார்கள். நான் இந்த வேலையைப் பழகிய இடத்திலும் பெண்கள் நின்றார்கள். அந்த ஹால்தான் நிற்கவில்லை."

சிலர் சிரித்தார்கள். நஜ்வா சிரிக்கவில்லை. குழுத் தலைவர் சட்டென்று அடுத்த கேள்வியைக் கேட்கச் சொன்னார்.

கோப்பி நேரத்தில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். நஜ்வா கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்துக் காட்டினாள். பலகை ஒன்றின் மேல் மூலை. அதில் ரேப்பால் ஒட்டப்பட்ட, ஓரம் மஞ்சளாகிப்போன, மன்னார் மடுக் கோயில் மாதாவின் படம்.

"உன்னுடைய பலகை," என்றாள். "கப்பலில் எங்களுக்குத்தான் வந்தது. சுத்தம் செய்ய வந்தவர்கள் பிடுங்கப் பார்த்தார்கள், நான் விடவில்லை. மர்யம் எங்களுக்கும் தாய்தானே."

லவினியா பிறக்க முந்தி வெரோனிக்கா ஒட்டிய படம் அது. பலகைகளை மரப்பெட்டியில் அடைத்த அன்று அவள் அழுதுகொண்டு நின்றதில் படத்தை மறந்தே போனாள். இப்போது நஜ்வாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அந்த ஹாலைப் பார்க்க வேண்டும்," என்றாள் நஜ்வா. "இன்று பின்னேரம் எங்களுக்கு நகரத்தைச் சுற்றிக் காட்டுகிறார்களாம். எனக்கு அது வேண்டாம்."

எஸ்-பானில் ஏறியதும் வெரோனிக்கா ஸ்ரனிஸ்லாஸுக்கு ஒரு செய்தி போட்டாள். பதில் இல்லை. ஆனால் இறங்கியபோது நிலையத்து வாசலில் அவர் வண்டியோடு நின்றார். முகம் மழித்திருந்தார்.

"ஹலோ, நஜ்வா," என்றார். "நடக்கத் தூரமெண்டு வந்தனான்," என்று மனைவியிடம் தமிழில் சொன்னார். நடந்தாலும் அது பெரிய தூரமில்லை.

கண்ணாடிக் கூடத்தில் இன்னும் பூச்செடி விற்றார்கள். ஹால்தான் மாறிப்போயிருந்தது. சுவரெல்லாம் பச்சையும் செம்மஞ்சளும். உள்ளே பிள்ளைகள் குதித்து விளையாடும் துள்ளுமெத்தைகள். வரவேற்பில் நின்ற பிள்ளை, பிறந்தநாள் விழாவுக்கா வந்தீர்கள் என்று கேட்டாள். இங்கே முந்தி வேலை செய்தோம், ஒருக்கால் பார்த்துவிட்டுப் போகிறோம் என்றாள் வெரோனிக்கா. சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். மூன்று பேரும் காலுறையோடு உள்ளே போனார்கள்.

இது சுருள்கள் இறங்கிய கதவு, இது சாப்பாட்டு அறை, இதிலேதான் டொறத்தி அக்கா நிற்பாள் என்று ஒருவரை ஒருவர் மறித்துச் சொன்னார்கள். வெரோனிக்கா நின்ற இடத்தில் ஒரு சிறுமி மெத்தையில் துள்ளிக்கொண்டிருந்தாள். வெரோனிக்கா துயரம் வரும் என்று பயந்துதான் உள்ளே வந்தாள். வந்தது வேறொன்று. வேலை முடியும் மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் முதுகை நிமிர்த்துவார்களே, அந்தச் சுகம் அவள் முதுகில் வந்து போனது.

ஓரத்தில் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்தபோது நஜ்வா சொன்னாள்: "என் மகள் இனெஸ் இங்கே வருகிறாள். பிராங்பேர்ட்டில் ஒரு ஆஸ்பத்திரி. தாதி வேலைக்கு அவுஸ்பில்டுங், சம்பளத்தோடு தொழிற்பயிற்சி."

"ஏன், அங்கே உன்னிடமே வேலை இருக்கிறதே?"

"பலகைக்கு முன்னால் நிற்க அவளுக்கு விருப்பமில்லை. மேடையில் இன்று அவர் சொன்னாரே, இளம் நாடு, படித்த பிள்ளைகள் என்று. அந்தப் பிள்ளைகள் எல்லாம் ஜேர்மன் வகுப்பில்தான் இருக்கிறார்கள்." நஜ்வா காலுறையைக் குனிந்து இழுத்துவிட்டாள். "நான் முதலீடு கேட்டு வந்திருக்கிறேன், வெரோ. என் பிள்ளை பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். யாரிடம் சொல்ல?"

"என் மகளும் பான் நகரத்தில் படிக்கிறாள். மாதத்துக்கு ஒருக்கால் வருவாள்," என்றாள் வெரோனிக்கா. "பிள்ளைகள் நிற்க மாட்டார்கள்."

நஜ்வா எதையோ கேட்க வாயெடுத்து நிறுத்தினாள். ஸ்ரனிஸ்லாஸ் துள்ளும் பிள்ளைகளைப் பார்த்தபடியே தன்னுடைய கரடுமுரடான ஜேர்மனில் சொன்னார்: "லவினியாவின் அறை சும்மா கிடக்கிறது. விடுதி கிடைக்கும் வரைக்கும் பிள்ளை எங்களோடு இருக்கட்டும்."

நஜ்வா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். வெரோனிக்கா கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

இலையுதிர்காலம் தொடங்கும்போது இனெஸ் வந்தாள். நெட்டையான பிள்ளை, தாயைப் போலவே குறைவாகப் பேசினாள். முகவரி பதியும் அலுவலகத்தில் அவளுக்கு ரெர்மின், போய்ப் பார்க்கும் நேரம், கிடைத்த அன்று வெரோனிக்காவுக்கு வேலை. ஸ்ரனிஸ்லாஸ் விடுப்பு எடுத்தார். காத்திருக்கும் அறையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முப்பது வருடத்துக்கு முந்தி தான் அதே மாதிரி ஒரு கதிரையில் ஒரு சொல்லும் விளங்காமல் உட்கார்ந்திருந்ததை அவளுக்குச் சொன்னார். அவருடைய ஜேர்மனைப் பிள்ளை இரண்டு இடத்தில் திருத்தினாள். அவர் திருத்திச் சொல்லிவிட்டு, மிச்சக் கதையைத் தொடர்ந்தார்.