கரப்பான் ஆறிய கை

பலாங்கொடைத் தோட்டத்துப் பெக்டரியில் தேயிலைத் தூள் சலித்த சீதாதேவிக்கு மூச்சிளைப்பு முற்றியதும், அந்த இடத்தை மகள் லக்ஷிகாவுக்குக் கொடுத்தார்கள். தாய் விட்ட வேலை பிள்ளைக்கு. அதைச் சலுகை என்றே லயத்து வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள்.

மகள் முதல் நாள் வேலைக்குப் போன அன்று, கிளினிக்கில் டாக்டர் சொன்னார்: "தூசி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. அதைத் தாங்காத உடம்பு சில பேருக்கு ஜீன்லயே இருக்கு. பிள்ளைங்களுக்கும் வரலாம். சின்னதுல யாருக்காவது தோல்ல கரப்பான் இருந்துச்சா?"

"மகளுக்கு முழங்கை மடிப்புல வந்துச்சுங்க. வேப்பிலை அரைச்சுப் பூசி எப்பவோ போயிருச்சுங்களே."

"தோலை விட்டாலும் நெஞ்சுல வரலாம். தூசிப் பக்கம் விட்றாதீங்க."

சீதாதேவி அடித்துப்பிடித்துக்கொண்டு வீடு வந்தாள். தலையெல்லாம் தூளோடு லக்ஷிகா சிரித்தபடி நின்றாள்.

"வேலை லேசுதாம்மா. மூக்கு மட்டும் கொஞ்சம் அரிக்குது."

ஆனால் அவள் சொறிந்துகொண்டிருந்தது முழங்கை மடிப்பை.