மணிவேலின் கையைக் கட்டியது நான்

என் கீழுதட்டில் நான்கு தையல். அடித்தவள்மேல் கோபமே வரவில்லை என்று சொன்னால் அது பொய். அந்த நிமிடம் கையில் கிடைத்திருந்தால் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிய்த்திருப்பேன்.

மணிவேல் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர். ஐம்பத்தாறு வயது. நெஞ்சுவலி என்று சித்தூரில் டாக்டரிடம் போனபோது இதயத்தில் மூன்று அடைப்பு என்றார்கள். அதற்காக எடுத்த ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் புற்றுநோய்க் கட்டியும் தெரிந்தது. இந்த இதயத்தோடு நுரையீரலில் கத்தி வைத்தால் மேஜையிலேயே போய்விடுவார். இதயத்தைச் சரிசெய்து ஆறட்டும் என்று காத்திருந்தால் கட்டி பரவிவிடும். திருப்பதியில் எங்கள் ஆஸ்பத்திரி சர்ஜன் ரகுநந்தன், "ஒரே தடவை திறப்போம், ரெண்டையும் முடிச்சிடுவோம்" என்றார். மணிவேலின் மனைவி மஞ்சு கையெழுத்துப் போட்டாள்.

மார்பெலும்பை ரம்பத்தால் நடுவே அறுத்தார்கள். காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை வைத்து அடைப்புகளைத் தாண்டித் தைத்தார்கள். பிறகு அதே திறப்பு வழியாக நுரையீரலின் மேல்பகுதியை வெட்டி எடுத்தார்கள். எலும்பைக் கம்பியால் முறுக்கிக் கட்டி, ஐசியூ நர்ஸான என்னிடம் ஒப்படைத்தார்கள்.

"இதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுத்தோம். நுரையீரல் வெட்டின இடம் கசியலாம். டிரெயினைப் பார்த்துக்கோ அகிலா" என்றார் ரகுநந்தன். மார்புக்குள் சேரும் ரத்தத்தை வெளியே கொண்டுவரும் குழாய்தான் டிரெயின். அது கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில் போய் முடியும்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பாட்டிலில் ரத்தம் ஏறுவது நின்றது. கசிவு நின்றுவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். பத்து வருஷ சர்வீஸில் இருப்பவளின் புத்தி!

சற்று நேரத்தில் மணிவேல் முரண்டு பிடிக்க ஆரம்பித்தார். வாயில் மூச்சுக்குழாய் இருந்ததால் பேச முடியாது. இரண்டு கை விரல்களையும் சேர்த்து வெடுக்கென்று பிரித்தார். உள்ளங்கையால் கட்டிலை அடித்தார். திரும்பவும் சேர்த்தார், பிரித்தார், அடித்தார். மயக்கம் தெளிகிறவர்கள் இப்படித்தான் ஆடுவார்கள், விட்டால் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள். "சும்மா கிடய்யா" என்று அதட்டிவிட்டு, துணிப்பட்டையால் இரண்டு கைகளையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டினேன். இறுக்கமாகவே கட்டினேன். நாடித்துடிப்பு ஏறியதைக்கூடத் திமிறுவதால் என்றுதான் நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பார்வை நேரம். மஞ்சு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். கட்டிய கைகளில் விரல்கள் மட்டும் இன்னும் சேர்ந்து, பிரிந்து, கட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தன. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"ஏம்மா, நூலு அறுந்துபோச்சு, தறிய நிறுத்துன்னு சொல்லிக்கினு கீறாரு! தறி சத்தத்துல பேச்சு காதுல உழாது, நாங்க கையாலதான் பேசுவோம். உள்ள இன்னாவோ அறுந்துகீது, பாரும்மா!"

"அவர் மயக்கத்துல இருக்காரு. வெளிய போ."

"மயக்கம் இல்லம்மா, என்னத்தான் பாக்கறாரு!"

நான் அவள் தோளைப் பிடித்துக் கதவுப் பக்கம் தள்ளினேன். கையிலிருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை ஓங்கி என் வாயில் அடித்தாள். உதடு பிளந்தது. நான் கட்டிலுக்கடியில் போய் விழுந்தேன். வாயெல்லாம் ரத்தம்.

"பயட்டிக்கு ராம்மா!" என்று, வெளியே வரச்சொல்லித் தெலுங்கில் கத்திக்கொண்டு செக்யூரிட்டி கங்கையா ஓடிவந்து அவள் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். வளையல்கள் உடைந்து அவள் மணிக்கட்டைக் கிழித்தன. தரதரவென்று இழுத்துப் போனான்.

விழுந்த இடத்தில் என் முகத்துக்கு நேரே டிரெயின் இருந்தது. குழாய் முழுக்க உறைந்த ரத்தம், கறுப்பாக, அடைத்துக்கொண்டு. கசிவு நிற்கவே இல்லை. அத்தனை ரத்தமும் மார்புக்குள்ளேயே தேங்கி இதயத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. எழுந்து மானிட்டரைப் பார்த்தேன். பிரஷர் அறுபதுக்கு இறங்கியிருந்தது.

"சார்!" என்று நான் போட்ட கூச்சல் எனக்கே பயமாக இருந்தது.

ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக நேரமில்லை. ரகுநந்தன் கட்டிலிலேயே மயக்க மருந்து கொடுக்கச் சொல்லி, தையலைப் பிரித்து, எலும்பைக் கட்டிய கம்பிகளை ஒவ்வொன்றாகக் கட்டரால் வெட்டினார். மார்பை விரித்ததும் ரத்தம் குபுக்கென்று பொங்கிக் கட்டிலில் வழிந்து என் செருப்பை நனைத்தது. இரண்டு கைகளாலும் ரத்தக்கட்டிகளை அள்ளி எறிந்தார். வெட்டிய நுரையீரலின் ஓரத்தில் ஒரு சின்னக் குழாய் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அதை விரலால் அழுத்திப் பிடித்தார். பிரஷர் மெல்ல ஏறியது.

எல்லாம் தைத்து முடித்ததும் ரகுநந்தன் கையுறையைக் கழற்றினார். "இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா ஆள் போயிருப்பார். நல்ல வேளை, கவனிச்சே அகிலா."

"நான் கவனிக்கல சார். அந்தம்மா கவனிச்சாங்க. நான் அவர் கையைக் கட்டிப்போட்டேன்" என்றேன். எனக்கு வெட்கத்தில் உடம்பே எரிந்தது.

வெளியே வந்தேன். மஞ்சு தரையில் குப்புறக் கிடந்தாள். கங்கையாவின் முழங்கால் அவள் முதுகில் இருந்தது. போலீஸுக்குச் சொல்லியாகிவிட்டது என்றான்.

"காலை எடுடா!" என்று அவனைப் பிடித்துத் தள்ளினேன்.

மஞ்சு தலையைத் தூக்கினாள். "உசுரு கீதாம்மா?"

"இருக்குது."

அவள் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுது முடிந்த பிறகுதான் என் வாயைப் பார்த்தாள்.

"பலமா அட்ச்சுட்டனாம்மா?"

"ஒரு மணி நேரம் முன்னாடியே அடிச்சிருக்கணும் நீ" என்றேன்.