கடிபடாத இலை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அது மூக்கையும் தாண்டிவிட்டது.

"படம் பிரமாதம்மா. ஆனா இலை முழுக்க ஓட்டை" என்றார் பல் டாக்டர். "நாள் பூரா நான் ஓட்டையைத்தான் அடைச்சுக்கிட்டிருக்கேன். வர்றவங்க உட்கார்ந்து பார்க்கிற சுவத்துலயும் ஓட்டையா? நல்ல இலையா ஒண்ணு குடுங்க."

அவருடைய புதிய கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறைக்குச் சுவர் முழுக்க ஒரே படம் வேண்டும். அங்கே இன்டீரியர் வேலை மொத்தமும் என் அண்ணியுடையது. அந்தச் சுவரை எனக்கு வாங்கித் தந்தவரும் அவர்தான். நானோ ஒரு ஸ்டூடியோவில் "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைப்பவள். இலை, பாசி, மரப்பட்டை எல்லாம் லீவு நாளில்தான். இந்தச் சுவர் நிலைத்தால் ஸ்டூடியோவுக்கு ஒரு கும்பிடு போடலாம். போனால் ஆயுசுக்கும் தாடைதான்.

இத்தனைக்கும் அந்த ஓட்டை இலை என் செல்லம். எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தானாக முளைத்த செடி. கம்பளிப்பூச்சி ஒன்று அதில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. காலை வெயில் பின்னாலிருந்து விழுந்தபோது நரம்பெல்லாம் பொன்னாக, ஓட்டைகள் வழியே வெளிச்சம் கொட்டியது. அதைப் போய்க் குறை சொன்னால் எரிச்சல் வராதா?

"கலைஞிக்குக் கோபம் அப்புறம் வரட்டும். முதல்ல இலையைத் தேடு" என்றார் அண்ணி.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பூங்கா பூங்காவாக அலைந்தேன். தூரத்தில் பட்டு மாதிரி இருக்கும். லென்ஸைக் கிட்டே கொண்டுபோனால் ஒரு புள்ளி, ஒரு கீறல், ஏதாவது பறவையின் அன்பளிப்பு. வெறுத்துப்போய் அண்ணியின் ஷோரூமுக்குள் நுழைந்தேன். அவர் வெளியே போயிருந்தார். ஜன்னலோரத் தொட்டியில், மாசு மருவில்லாமல், இருந்தது ஒன்று!

எனக்கு ஒரு கண்டிப்பான பழக்கம் உண்டு. எடுக்கப்போகும் இலையைத் தொடவே மாட்டேன். விரல் பட்டால் தடம் விழும், சுவர் அளவுக்குப் பெரிதாக்கினால் அதில் கைரேகை ஜோசியமே பார்க்கலாம். அதனால் தொடாமல் எடுத்தேன், தொடாமல் வந்தேன். டாக்டர் போனில் படத்தைப் பார்த்துவிட்டு "இதுதாம்மா இலை!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சுவரில் ஒட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன். காம்புக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு முத்திரை, அதற்குள் மூன்று எண்கள். அங்கிருந்து விளிம்பு முழுக்க அச்சில் வார்த்த கோடு ஓடியது. ஓட்டை இருக்கிறதா என்று தேடித் தேடி, என் கண் வேறு எதையும் பார்க்காமலே விட்டிருக்கிறது.

"அய்யய்யோ, என் ஷோரூம் ஜன்னல்ல இருந்ததையா எடுத்தே?" அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். "நிஜச் செடி வாடிப்போச்சுன்னு நான் வாங்கி வெச்ச பிளாஸ்டிக் செடி அது!"

டாக்டர் பார்க்க வருகிற நேரம்.

"சோபாவை இங்க தள்ளிடலாம்" என்று அண்ணி கிசுகிசுத்தார். "அவருக்குத்தான் பிடிச்சுப்போச்சே. ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது."

ஆசையாகத்தான் இருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து சோபாவைப் பாதி தள்ளியும் விட்டோம். அப்போது டாக்டர் உள்ளே வந்து, சுவரைப் பார்த்துப் பூரித்து நின்றார். தினமும் அவர் இப்படித்தான் நிற்பார், நான் எங்கோ அடுத்த இலைக்கு லென்ஸைத் திருப்பிக்கொண்டு இந்த பிளாஸ்டிக்கை நினைத்துக் கூசிக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது.

"டாக்டர், அது பிளாஸ்டிக் இலை" என்றேன். அண்ணி முகத்தில் ஈயாடவில்லை.

அவர் கிட்டே போய், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முத்திரையைப் பார்த்தார். பிறகு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வருஷக்கணக்கா பல் செட்டு செஞ்சு குடுக்கிறேன், எனக்கே தெரியலையே! வாயில பொய்ப்பல் இருக்கலாம்மா, சுவத்துல வேணாம். அந்த ஓட்டை இலை இருக்கா, அழிச்சிட்டீங்களா?"

"இருக்கு!" என்று கத்தினேன்.

கிளினிக் திறந்த அன்று, ஒரு பல்லும் வலிக்காமலே போய் அந்த அறையில் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் ஒரு பெண், வீங்கிய கன்னத்தில் கையை வைத்தபடி, சுவரையே வெறித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

"இதைக் கடிச்சது எதுவோ, குடுத்து வெச்சதுங்க. என்னா பல்லு!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள், வலியில் "ஆ" என்றாள், மறுபடி சிரித்தாள்.

"யாரு எடுத்தாங்கன்னு தெரியுமா? எங்க ஆபீஸ்ல ஒரு சுவரு மொட்டையா நிக்குது."

"நான்தான்" என்றேன். எனக்கே அது கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை, உள்ளே மெஷினை நிறுத்திவிட்டு டாக்டர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.