இருபத்து நாலரை

...இல்லை, இளக்கமானதுதான், வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அதை முடிவு செய்தாயிற்று, இனி இந்த அலமாரி முன் நின்று விறைப்பான பூட்ஸ்களை அழுத்தி அழுத்திப் பார்ப்பதில் என்ன இருக்கிறது, எனக்கானது பக்கத்து அலமாரியில் இருக்கிறது, கையால் மடக்கினாலே மடங்குவது, ரோப்வேக்குக் கீழே அம்மாக்களும் குழந்தைகளும் சறுக்குகிற சமன்செய்த சரிவுக்கு அது போதும். கடைக்காரர் ஒரிக்காசா இன்னும் உள்ளறையில் யாருடைய பனிச்சறுக்குப் பலகைக்கோ மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கிறார், "ரெண்டே நிமிஷம் சிகுசா-சான்" என்று குரல் கொடுத்துப் பத்து நிமிடம் ஆகிறது, ஆகட்டும், ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவரிடம் எப்படிச் சொல்வதென்று யோசிக்க எனக்கும் நேரம் வேண்டும்... பூட்ஸின் அடிப்பாகம் பிளந்துவிட்டது என்று சொல்லலாம், பொய்யில்லை. ஆனால் பிளந்தது விழுந்த பிறகு. விழுந்தது ஹக்கோதா மலையின் வடக்குப் பள்ளத்தில், மூன்றாவது திருப்பத்தில், முன்விரல்களை ஊன்றிப் பலகையைத் திருப்பவேண்டிய இடத்தில் நான் எப்போதும்போல ஒரு நொடி தாமதித்தேன், பலகை திரும்பவில்லை, பதினைந்து மீட்டர் உருண்டு, பனி அப்பிய ஒரு மரத்தில் முதுகு இடித்து நின்றேன். முன்னால் இறங்கிக் கீழே காத்திருந்த என் கணவன் யுகினோரி மூச்சிரைக்க ஏறி வந்தான், முகத்துப் பனியைத் துடைத்தான், கை காலை அசைக்கச் சொன்னான், பிளந்த பூட்ஸைச் சுற்றி டேப் ஒட்டினான், ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "இனிமே என்னால முடியாது யுகினோரி, நீ வேற ஆள் பாத்துக்கோ" என்று சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ.

அவன் பார்த்தும்விட்டான், அதுதான். பனி அள்ளும் வண்டியில் அவனோடு வேலை செய்கிற மிகாமி, இருபத்தொன்பது வயது, முழங்காலெல்லாம் புத்தம் புதிது. இந்த ஞாயிறு வருகிறானாம். தனியாக அந்தப் பள்ளத்தில் யாரும் இறங்கக்கூடாது, பனிச்சரிவில் மாட்டினால் தோண்டி எடுக்க ஒருவராவது வேண்டும், பதினான்கு வருடமாக அவனுக்கு அந்த ஒருவர் நான், எனக்கு அவன். கல்யாண மண்டபத்தில் செய்த சத்தியங்களைவிட முதுகுப்பையில் ஒருவருக்காக ஒருவர் மண்வெட்டி சுமந்ததுதான் எங்களுக்குள் பெரிய சத்தியம் என்று நான் நினைத்திருந்தேன், அவனிடம் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பான். யார் வீட்டுக்கு வந்தாலும் என்னை அவன் அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரிதான்: "சிகுசா ரொம்பக் கவனமானவ, நான் கண்மூடித்தனமா எறங்குவேன், இவ யோசிச்சு எறங்குவா, அதனாலதான் நாங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கோம்." பெருமையாகத்தான் சொல்வான். நானும் தலையாட்டுவேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குத் தெரியும், கவனம் என்பது அவன் வைத்த மரியாதையான பெயர், அதன் நிஜப்பெயர் பயம், ஒவ்வொரு முன்விரல் திருப்பத்திலும் அந்த ஒரு நொடி, பலகை எனக்குப் பதில் சொல்லாத அந்த ஒரு நொடி... எத்தனை பேர் சொல்லிக்கொடுத்தார்கள், முழங்காலை மடக்கு, தாடையை உயர்த்து, நம்பு, நம்பு என்று. நம்பத்தான் பார்த்தேன்.

ஒரிக்காசா கையைத் துணியில் துடைத்தபடி வந்தார். நான் கொண்டுவந்த பழைய பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார், உள்ளே கைவிட்டார், அதன் நாக்குப் பட்டையை வெளியே இழுத்தார். பிறகு, "சாக்ஸ் எத்தனை போடுவீங்க?" என்றார். ரெண்டு, என்றேன். "ரெண்டையும் கழட்டுங்க." கழற்றி, அந்த உலோக அளவுத் தட்டின்மேல் நின்றேன், தட்டு சில்லென்றிருந்தது. குனிந்து பார்த்தவர் மறுபடி பார்த்தார், மற்ற காலை வைக்கச் சொன்னார். "இருபத்தி மூணு சென்டிமீட்டர். இடது அதவிட ரெண்டு மில்லி கம்மி." இருக்காது, நான் எப்போதும் இருபத்து நாலரைதான், என்றேன். அவர் நிமிர்ந்தார். "இந்தக் காலப் போயி இத்தன வருஷமா ஒரு வாளிக்குள்ள போட்டு வச்சிருக்கீங்களே. யாரு வாங்கிக் குடுத்தது?" எட்டு வருடம் முன்னால் என் பிறந்தநாளுக்கு யுகினோரி செண்டாய் நகரத்தில் தள்ளுபடியில் வாங்கிவந்தது, கடைசி ஜோடி, கொஞ்சம் பெருசா இருந்தா தடியா சாக்ஸ் போட்டுக்கலாம், கால் சூடா இருக்கும் என்றான், சூடாகவும் இல்லை, லேஸை அத்தனை இறுக்கிக் கட்டினால்தான் கால் நிற்கும், இறுக்கினால் அரைமணியில் விரல்கள் மரத்துப்போகும், எனக்கு ரத்த ஓட்டம் சரியில்லை என்று நினைத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். "தேஞ்சுபோன ஒண்ணு குடுத்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும். நல்ல பூட்ஸா வேற இருந்திருக்கு," என்றார் ஒரிக்காசா, "அதான் யாருக்கும் சந்தேகம் வரல."

எனக்கு வந்திருக்க வேண்டும். யாருக்கு வராவிட்டாலும் எனக்கு. பத்தொன்பது வருடமாக நான் செய்கிற வேலை பல்செட்டு செய்வது, எங்கள் ஊர் ஹிரோசாகியில் பாதிக் கிழவர்கள் என் பல்லால்தான் ஆப்பிள் கடிக்கிறார்கள், ஒரு தலைமுடி அளவு லூசாக இருந்தாலும் ஈறில் புண் வரும், சாப்பிடப் பயப்படுவார்கள், வயதாகிவிட்டது இனி கஞ்சிதான் என்று தாங்களாகவே ஒதுங்கிக்கொள்வார்கள், அப்படி ஒதுங்கியவர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், உங்களுக்கு ஒண்ணும் ஆகல, செட்டுதான் பெருசு என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்... சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை.

"நீங்க கேட்ட இளக்கமானதத் தர்றேன், அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க," என்று ஒரு மெல்லிய சாக்ஸை நீட்டினார். வலது காலில் இருபத்து மூன்றில் விறைப்பான ஒன்று, இடதில் என் பழையது, இரண்டையும் தரைவிரிப்பில் கிடந்த ஒரு பலகையில் பூட்டினார். நேராக நின்றால் வலது காலின் விரல்நுனி முன்சுவரைத் தொட்டது, சின்னதாக இருக்கிறதே என்றேன். "முழங்கால மடக்குங்க." மடக்கியதும் விரல்கள் தானாகப் பின்னால் வந்தன, குதிகால் ஒரு குழியில் போய் உட்கார்ந்தது. "இப்ப முன்விரல் மேல சாயுங்க." சாய்ந்தேன். இடது குதிகால் முதலில் எழுந்தது, பூட்ஸுக்குள்ளேயே, ஒரு விரல் தடிமனுக்கு, அதன்பிறகுதான் பூட்ஸ் நகர்ந்தது, அதன்பிறகு பலகை. வலதில் அப்படி எதுவும் இல்லை. சாய்ந்ததும் பலகையின் விளிம்பு எழுந்துவிட்டது. மறுபடி சாய்ந்தேன். மறுபடி. இடது, ஒரு நொடி, பிறகு. வலது, உடனே. அந்த ஒரு நொடி. எனக்கு அதை நன்றாகத் தெரியும், எட்டு வருடமாக அதோடுதான் மலை இறங்கியிருக்கிறேன், அது என் நெஞ்சுக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், இங்கே கணுக்காலுக்குக் கீழே இருந்திருக்கிறது...

போன் அடித்தது, யுகினோரி. மதியச் சாப்பாட்டு நேரம், வண்டிக்குள் உட்கார்ந்து கணவாய் மீன் கட்லெட் மென்றபடி பேசினான். "வாங்கிட்டியா?" இன்னும் இல்லை என்றேன். "என் கால் சைஸ் என்ன, சொல்லு பாப்போம்." "இருபத்தி நாலரை. இதென்ன பரீட்சையா?" "இருபத்தி மூணாம். ஒரிக்காசா-சான் அளந்து பாத்தாரு." மெல்லும் சத்தம் நின்றது. வைப்பரின் சத்தம் மட்டும் கேட்டது, போய், வந்து, போய். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன், கேட்டால் என்ன சொல்வது, பரவாயில்லை என்றா, எட்டு வருடம் பரவாயில்லையா... அவன் கேட்கவில்லை. "ஒண்ணரை பெருசு," என்றான் மெதுவாக, கணக்குப் போடுகிறவன் போல. "அதப் போட்டுட்டா நீ வடக்குப் பள்ளத்துல எறங்குன?" ஆமாம். "அன்னிக்கு உச்சியில ஐஸா இருந்துச்சே, அப்பவும் அதுதானா?" அதுதான். மறுபடி வைப்பர். "நான் எறங்கியிருக்க மாட்டேன் சிகுசா. சத்தியமா சொல்றேன், உச்சியிலயே பலகையக் கழட்டிட்டு நடந்து வந்திருப்பேன்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு மிகாமிகிட்ட வேண்டான்னு சொல்லிடட்டுமா, என்று கேட்டான். வேண்டாம், வரட்டும், மூன்று பேர் இருந்தால் இன்னும் நல்லது, என்றேன், சொன்ன பிறகுதான் மூன்று பேரில் நானும் ஒருத்தி என்று உறைத்தது. அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும், சரி சரி என்று அவசரமாக வைத்துவிட்டான்.

இடதிலும் புதியதைப் போட்டுவிட்டு, இருபது நிமிடம் கடைக்குள் நடங்க, எங்கயாவது அழுத்துதான்னு சொல்லுங்க, என்று ஒரிக்காசா உள்ளறைக்குப் போய்விட்டார். நடக்கிறேன், கையுறைகள் தொங்கும் வரிசை வரை போய், திரும்பி, வாசல் கண்ணாடி வரை, வெளியே பனி விழத் தொடங்கியிருக்கிறது, தடியான பனி... அப்படியென்றால் நான் பயந்தவள் இல்லையா? இல்லை, அது அவ்வளவு சுலபமில்லை, உச்சியில் நிற்கும்போது தொடை நடுங்கியது நிஜம்தான், அதற்கு எந்த பூட்ஸும் காரணமில்லை, நடுங்கியபடியே இறங்கினேன், கால் வேறு சொன்னபடி கேட்கவில்லை, அப்படியும் இறங்கினேன். அதில் பயம் எவ்வளவு, பூட்ஸ் எவ்வளவு? முழுக்கவும் பூட்ஸாகவே இருந்துவிட்டால் நான் யார் என்று புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டும், நாற்பத்து மூன்று வயதில், அதுவும் இந்த ஞாயிற்றுக்கிழமை, மிகாமியின் முன்னால். விந்தை என்னவென்றால், அந்த நடுக்கம் கொஞ்சம் மிச்சமிருந்தால் நல்லது என்று தோன்றுகிறது, அதையாவது நான் சம்பாதித்தேனே. கண்ணாடி முன் நின்று முன்விரல்களில் எம்பினேன். குதிகால் அசையவில்லை.

"எங்கயாவது அழுத்துதா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"இல்ல," என்றேன். "ஒரிக்காசா-சான், இதவிட விறைப்பா ஒண்ணு இருக்கா?"

மெழுகு தேய்க்கும் சத்தம் நின்றது. "இருக்கு. அது கொஞ்சம் முரடு, உங்கள ரொம்ப வேலை வாங்கும்."

"எடுங்க, பாப்போம்," என்றேன். பயம் போய்விட்டதா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.