தாழ்ப்பாள் சத்தம்

மார்ச் மாதத்திலிருந்து லோரீன் டாகெட்டுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பாள். தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து உரக்கப் பாடுகிறவள், இப்போது கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கட்டெறும்பு ஏதும் உள்ள பூந்துடுச்சாடீ?" என்று அவள் புருஷன் வெண்டெல் கேட்டுச் சிரிப்பான். அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கேலிதான்.

என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் கொடுமை. லோரீன் வீடு விற்றுக் கொடுப்பவள். மிசூரியில் அவர்கள் ஊரைச் சுற்றியுள்ள காலி வீடுகளில் பாதிக்கு அவளிடம்தான் சாவி. மார்ச்சில் ஒருவன் வீடு பார்க்க வந்தான். தொப்பியும் தாடியுமாக, ஊரில் பாதிப்பேர் இருப்பதைப் போலத்தான் இருந்தான். உள்ளே வந்தவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் திருகினான். டக். பிறகு கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான். அவள் சமையலறையைப் பற்றிச் சொன்னாள், கூரையைப் பற்றிச் சொன்னாள், சொன்னதையே திரும்பச் சொன்னாள். அவன் வாயே திறக்காமல் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "வீடு நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்து போய்விட்டான். போலீஸ்காரர் எழுதிக்கொள்ள அதில் ஒரு வரிகூடத் தேறவில்லை.

ஆனால் அந்த 'டக்' அவள் காதைவிட்டுப் போகவில்லை.

வெண்டெல் தன் பங்குக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வந்தான். கத்தரிப்பூ நிறம், சோப்புக்கட்டி அளவு. கடைக்காரர் பெண்களுக்கென்றே வந்தது என்று சொன்னாராம். சுடும் பயிற்சிக்குப் போன முதல் நாளே அது அவள் கையில் உதறிய உதறலில் கட்டைவிரல் இடுக்கு தோலுரிந்துபோனது. குண்டு எங்கே போனது என்பது கடவுளுக்குத்தான் தெரியும். இலக்குக் காகிதம் புத்தம்புதிதாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பயிற்சி கொடுத்த மார்லிஸ் லோரீனைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். முன்பு சிறைக்காவலராக இருந்தவள். யாரைப் பார்த்தாலும் செல்லம் என்றுதான் கூப்பிடுவாள்.

"யாரு செல்லம் இதை வாங்கினது?"

"என் வீட்டுக்காரர்."

"அப்ப அவரையே வெச்சுக்கச் சொல்லுங்க. சின்னதா இருந்தா அத்தனை உதையும் உங்க கைக்குத்தான் வரும். கொஞ்சம் கனமா இருந்தா அடங்கும். கடைக்குப் போங்க. கைக்கு எது உக்காருதோ அதை எடுங்க. கலரைப் பாக்காதீங்க."

போனாள். கடைக்காரர் மறுபடியும் சின்னதாகவே எடுத்து எடுத்து வைத்தார். "அது வேணாம், பக்கத்துல இருக்கறதை எடுங்க" என்று இவளும் விடாமல் சொல்லி, கடைசியில் கறுப்பாக, கைக்குக் கனமாக, அழகென்று சொல்ல எதுவுமில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். குண்டேற்ற அதன் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க முதலில் முடியவில்லை. மார்லிஸ் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள்: மேல்பாகத்தை உள்ளங்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு அடிப்பாகத்தை முன்னால் தள்ள வேண்டும். அப்புறம் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. விரல் அழுத்தும் விசையை முழுக்க மூடும் கெட்டியான உறை, அதைத் தாங்க அகலமான பெல்ட், ஒரு அளவு பெரிய பேன்ட். இடுப்பில் சொருகிக்கொண்டு மேலே தொளதொளவென்று சட்டை போட்டால் வெளியே தெரியாது.

வகுப்பில் சிரிப்பு வந்தது ஒரே ஒரு பாடத்தில்தான், கழிப்பறைப் பாடத்தில்.

"சிரிங்க, சிரிங்க," என்றாள் மார்லிஸ். "உக்காரும்போது உறுத்துதுன்னு கழட்டி வெச்சுட்டு, கையைக் கழுவிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டே வெளிய வந்துடுவீங்க. அடுத்து போறது யாரோட புள்ளையோ. உறையை விட்டு எடுக்கவே எடுக்காதீங்க. கால்ல கிடக்கற பேன்ட்டுக்குள்ளயே கிடக்கட்டும்." லோரீனும் சேர்ந்துதான் சிரித்தாள். இப்படியும் ஒரு மறதி இருக்குமா என்று நினைத்தாள்.

அவளுடைய வியாதி வேறு. நிமிஷத்துக்கொருதரம் சட்டைக்கு மேலே தொட்டுப் பார்ப்பாள். காய்கறிக் கடையில், வங்கியில், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தின் நடுவில்கூட.

"இடுப்புல சொறியா செல்லம்?" என்றாள் மார்லிஸ். "தொட்டுத் தொட்டு ஊருக்கே காட்டிக் குடுக்கறீங்க. அது அங்கதான் இருக்கும். எங்கயும் ஓடிப் போயிடாது."

லோரீன் பிடிவாதக்காரி. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பழக்கத்தை விட்டாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தாள். ஆனாலும் விட்டாள்.

வீட்டிலும் பயிற்சி எடுத்தாள். குண்டுகளை வேறு அறையில் வைத்துவிட்டு, காலிதானா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்து, வெற்றுச் சுவரைப் பார்த்து நிற்பாள். சட்டையைத் தூக்கி, உருவி, நீட்ட வேண்டும். சுடத் தீர்மானிக்கும்வரை ஆள்காட்டி விரல் நீளவாக்கில் நேராக இருக்க வேண்டும், விசைமேல் போகக் கூடாது. எப்போது உருவுவது என்பதற்கு ஒரு சத்தம் வேண்டுமே. அதற்கு வெண்டெலை வாசல் கதவருகே நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். அவன் தனக்குத் தோன்றும்போது தாழ்ப்பாளைத் திருகுவான். டக். இவள் கை பாயும்.

"அம்மாடி! பாம்பு கொத்தற மாதிரி இருக்கே!" என்பான் அவன். அவனுக்கு அதில் நிஜமாகவே பெருமை. அவளுக்கும்தான். மார்ச்சிலிருந்து கேட்டாலே அவளைச் சுவரோரம் ஒதுங்கவைத்த அந்தச் சத்தத்துக்கு இப்போது கை முந்திக்கொண்டது.

"வீட்டுல எந்தச் சத்தத்துக்கு உருவறீங்க?" என்று மார்லிஸ் ஒருநாள் கேட்டாள்.

"போன்ல ஒரு மணி அடிக்குது," என்று லோரீன் பொய் சொன்னாள். உண்மையைச் சொன்னால் மார்லிஸ் என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெடுஞ்சாலையோரத்து மாடிவீடு ஒன்றை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று பலகை நட்டிருந்தாள். தபால்பெட்டியில் பலூன் கட்டினாள். சமையல் மேடையில் பிஸ்கட்டைப் பரப்பினாள். காலையிலிருந்து காப்பி காப்பியாகக் குடித்திருந்ததால் ஆட்கள் வருவதற்குள் மாடிக் கழிப்பறைக்கு ஓடினாள். உட்கார்ந்தால் துப்பாக்கியின் கனத்தில் உறையின் முனை தொடையில் குத்தியது. அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே குத்தியது. சே, என்று துப்பாக்கியை உருவித் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் வைத்தாள். கையைக் கழுவும்போது கீழே அழைப்புமணி அடித்தது. வியாபாரம் செய்கிறவளுக்கு அழைப்புமணி என்றால் கால் தானாக ஓடும். ஓடினாள்.

இளம்பெண் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளோடு. ஏழெட்டு வயதில் ஒரு பெண், நடை பழகி ஓட ஆரம்பித்த ஒரு பொடியன். "என் வீட்டுக்காரர் பெட்ரோல் போட்டுட்டு வர்றேன்னாரு," என்று அவள் வாசலிலேயே சொன்னாள். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி இரைந்துகொண்டு போனதில் லோரீன் காதில் பாதி விழவில்லை. "கொல்லைப்பக்கம் கொட்டகை இருக்குன்னு போட்டிருந்தீங்களே, பாத்துட்டு வந்துடறேன். டெஸ்ஸா, தம்பியைப் பாத்துக்கோ!" என்று அவள் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். டெஸ்ஸா தம்பியை மறந்துவிட்டு மாடி ஏறிப் போனாள். எந்த அறை தனக்கு என்று பார்க்கிற அவசரம்.

லோரீன் பிஸ்கட் தட்டோடு சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தாள். முன்கதவு திறக்கும் ஓசை கேட்டது. தொப்பி, தாடி, அகன்ற முதுகு. அந்த முதுகு கதவைச் சாத்தியது. டக்.

தட்டு கீழே விழுந்ததும், சட்டை மேலே போனதும், கை இடுப்புக்குப் பாய்ந்து முன்னால் நீண்டதும் அவள் செய்ததல்ல. அவை நடந்து முடிந்த பிறகுதான் அவளுக்குத் தெரியவந்தது. இரண்டு கைகளும் அந்த ஆளின் முதுகுக்கு நேராக நீண்டிருந்தன. கைகளுக்குள் ஒன்றுமில்லை.

வலதுகை ஆள்காட்டி விரல் நேராக இல்லை. மடங்கியிருந்தது.

சோபாவுக்குப் பின்னாலிருந்து பொடியன் ஓடிவந்து அந்த ஆளின் காலைக் கட்டிக்கொண்டான். "ப்பா!" அவன் திரும்பினான். முப்பது வயதுகூட இருக்காது, தாடிக்குள் குழந்தை முகம். கைகளை நீட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்துச் சிரித்தான்.

"தூக்கிக்கறீங்களா மேடம்? ஜாக்கிரதை, பிஸ்கட்டைக் கண்டான்னா வாயைத் தொடைக்க உங்க சட்டைதான். கதவு தொறந்திருந்தா ரோட்டுக்கே ஓடிடுவான், அதான் பூட்டிட்டேன். டெஸ்ஸா எங்க?"

டெஸ்ஸா மாடியில். துப்பாக்கியும் மாடியில்.

மாடிப்படியில் லோரீன் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே நினைவில்லை. கழிப்பறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பூட்டியிருந்தது.

"டெஸ்ஸா! கண்ணு! என்ன பண்றே?"

"ஒண்ணுக்குப் போறேன் மேடம்."

"அங்க... அங்க ஏதாவது பாத்தியா?"

"துப்பாக்கி இருக்கு மேடம்."

லோரீன் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டாள். "தொட்டியா?"

"தொடக் கூடாது. தள்ளிப் போகணும், பெரியவங்ககிட்ட சொல்லணும். ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க." குரலில் கொஞ்சம் கோபம், இதுகூடத் தெரியாதா என்பது போல. "சொல்லத்தான் வரப் பாத்தேன். ஆனா அவசரமா வந்துடுச்சு."

"வெளிய வந்துடு தங்கம். இப்பவே வா."

"கை கழுவணுமே. கழுவாம வந்தா அம்மா திட்டுவாங்க."

குழாய் திறக்கும் ஓசை. அந்தக் குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. குழந்தை சோப்புப் போட்டுக் கழுவியது, விரல் விரலாகக் கழுவியது போலும். லோரீன் வாழ்நாளில் எதற்காகவும் அவ்வளவு காத்திருந்ததில்லை. தாழ்ப்பாள் திறந்தது. டக். அவள் வலதுகை துடித்தது. இடதுகையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஈரக்கையோடு வந்த டெஸ்ஸா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க மேடம். பெரியவங்களா இருந்துக்கிட்டு."

லோரீன் உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்து உறையில் வைத்தாள். வெளியே வந்தபோது அப்பாக்காரன் பொடியனை இடுப்பில் வைத்துக்கொண்டு படியின் உச்சியில் நின்றிருந்தான். மகள் அவனிடம் எல்லாம் சொல்லியிருந்தாள். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் நல்ல பிள்ளை.

"என்னுதுதான்," என்றாள் லோரீன். "நான்தான் மறந்தேன்."

அவன் மூச்சை இழுத்து விட்டான். "என் மச்சான்கூட ஒருதரம் பெட்ரோல் பங்க்ல விட்டுட்டு வந்துட்டாரு. நல்லவேளை, புள்ளைக்குத் தெரிஞ்சிருந்தது. விடுங்க மேடம். இனிமே பாத்துக்கோங்க."

அத்தோடு விட்டிருக்கலாம். அவனே விட்டுவிட்டான். ஆனால் அந்த மன்னிப்பு அவளுக்கு முள்ளாய்க் குத்தியது. நடந்தது முழுக்கத் தெரியாமல் கொடுக்கிறானே என்று இருந்தது. பேசாமல் கீழே வந்தார்கள். வாசல்வரை வந்ததும் தாங்க முடியவில்லை, திரும்பி நின்றாள்.

"தம்பி, நீங்க வந்தப்ப நான் கையை நீட்டினேனே, அது குழந்தையைத் தூக்க இல்ல. தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் உருவிட்டேன். உங்களைப் பாத்துத்தான். கையில இது இருந்திருந்தா..." சட்டைக்கு மேலே உறையைத் தொட்டுக் காட்டினாள். "வெரல் மடங்கியிருந்தது. நான் பாத்தேன்."

பொடியனை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினான், அவளிடமிருந்து தள்ளி இருக்கும் பக்கத்துக்கு. டெஸ்ஸாவைப் பின்னால் இழுத்துக்கொண்டான். கொல்லையிலிருந்து அவன் மனைவி ஏதோ கூப்பிட்டாள், அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வலதுகையை விரித்து, அவள் கண்ணில் நன்றாகப் படும்படி மெதுவாக உயர்த்தினான்.

"மேடம்," என்றான். குரல் தாழ்ந்திருந்தது, கடிக்கிற நாயிடம் பேசுவது போல. "நான் இப்ப தாழ்ப்பாளைத் தொறக்கப்போறேன். சத்தம் கேக்கும். தொறந்துக்கலாமா? கொஞ்சம் வழி விடுங்க."

அப்போதுதான் லோரீன் பார்த்தாள். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது அவள்தான்.