நான்கு டேப்லெட், முப்பத்தொரு பிள்ளைகள்

“திங்கட்கிழமை வேணாம் அண்ணே. தேதியத் தள்ளுங்க.”

கோப்பிப் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்தபடி முதலாளி கார்த்திகன் அப்படியே நின்றுவிட்டார். இந்த ஆபீசில் சம்பளம் கூட்டிக் கேட்கலாம், ஜன்னலோர மேசை கேட்கலாம், தேதியை மட்டும் தள்ளச் சொல்லாதே என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, எல்லாரும் ‘கக்’, அதாவது அக்கா, என்று கூப்பிடும் மூத்தவள் கக் நோர்மா தர்ஷிகாவிடம் சொல்லி வைத்திருந்தாள். ஆறு மாதம் அந்தச் சொல் நின்றது. ஏழாவது மாதம் தொடங்க மூன்று நாள் இருக்கையில், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் துணிக்கடையின் மாடியில் அது உடைந்தது.

கோடிங் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் துண்டு துண்டாகக் கட்டளைகளைக் கோத்து விளையாட்டு செய்கிறார்களே, அதை இணையத்தில் ஓட்டிக் காட்டும் பிளேயர்தான் இவர்கள் சரக்கு. பழையது மலிவு டேப்லெட்டில் எருமை மாதிரி நகரும். புதியது பறக்கிறது. திங்கட்கிழமை நூற்றிருபது பள்ளிகளில் புதியது திறக்கும், அன்றைக்கே பழையது மூடப்படும். புதியதைச் சோதனைக்கு ஒரு நாள் ஓட்டிப் பார்த்த பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுத் தொகுப்பது தர்ஷிகாவின் வேலை. தொகுத்தாயிற்று. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்குப் பிடித்திருக்கிறது. அந்த எண்ணைக் கார்த்திகன் பலகையில் சிவப்பு மையால் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார்.

“அந்த நம்பர் பொய்ண்ணே,” என்றாள். “நான்தான் போட்டேன். பொய்.”

விஷயம் இதுதான். கடலுக்கு அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில் பள்ளி விட்டபின் நடக்கும் கோடிங் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். அங்கிருந்து வந்த பதில்கள் நான்கே நான்கு. டீச்சர் சோம்பேறி என்று முடிவு கட்டி, நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவதற்காக நேற்று மத்தியானம் ஃபெரி ஏறினாள். கோபத்தோடு கிளம்பினவள், வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே எழுந்த கூச்சலில் அதை மறந்துபோனாள்.

நான்கு டேப்லெட். ஒவ்வொன்றின் மேலும் ஏழெட்டுத் தலைகள். திரையில் ஒரு கோழி சாலையைக் கடந்துகொண்டிருந்தது. முதல் பிள்ளை கோழியை மட்டும் செய்ததாம். அடுத்தவள் அந்த விளையாட்டின் உள்ளே போய், கட்டளைகளைப் பார்த்து, ‘கெரெத்தா’ என்று ஒரு காரை ஓடவிட்டாள். அதற்கடுத்தவன் போலீஸ்காரரை நிறுத்தினான். பன்னிரண்டாவது கையில் சாலை பினாங்குப் பாலமானது. பத்தொன்பதாவது கையில் கோழி ஃபெரியில் டிக்கெட் எடுத்தது. இதற்குச் ‘சம்போங்’ என்று அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர் தொடர்வது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டேப்லெட் நான்குதான் என்பதால் தானாக வந்த பழக்கம்.

புதிய பிளேயரை மறுபடி திறந்து காட்டியபோது தர்ஷிகாவுக்கே மயிர்க்கூச்செறிந்தது. மூன்று எண்ணுவதற்குள் கோழி பாலத்தில் நின்றது. பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். அதிரா என்றொரு பத்து வயதுக்காரி, முன்னே கோழி நொண்டிக்கொண்டு போகும், இப்போது பள்ளி ஓட்டப்பந்தயம் மாதிரி ஓடுகிறது என்று குதித்தாள். குதித்தவள் விரலைத் திரையின் மேல்மூலைக்குக் கொண்டுபோனாள். கீழே கொண்டுவந்தாள். டேப்லெட்டையே திருப்பிப் பார்த்தாள்.

“அன்னிக்கும் தேடினோம். உள்ள எப்படிக்கா போறது?”

போக முடியாது. புதியதில் அந்தப் பட்டனே கிடையாது. ஒரு பிள்ளை செய்ததை இன்னொரு பிள்ளை கலைத்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் கார்த்திகன்தான் எடுத்துவிட்டிருந்தார். அவரவர் செய்ததை அவரவர்தான் திறக்கலாம், மற்றவர்கள் ஓடவிட்டுப் பார்க்கலாம். தர்ஷிகா இதை விளக்கினாள். அதிரா பொறுமையாகக் கேட்டாள்.

“சும்மா பாக்கறதுதான்னா அது டிவிதானக்கா. டிவி வீட்டுலயே இருக்கு லா.”

இதை ஏன் யாரும் எழுதி அனுப்பவில்லை என்று கேட்டதற்கு எல்லாரும் ஒரே குரலில் முறையிட்டார்கள். எழுதினார்களாம். ஒவ்வொரு டேப்லெட்டிலும் கருத்துப் படிவம் முதலில் எழுதினவரின் பதிலை வாங்கிக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்து ‘நீங்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள், நன்றி’ என்றதாம். முதலில் பிடித்த நான்கு பேரும் மற்றவர்கள் தள்ளின தள்ளில் அவசரமாக ஐந்து நட்சத்திரம் குத்திவிட்டு நகர்ந்திருக்கிறார்கள்.

ஒரு கருவிக்கு ஒரு பதில். ஒரே ஆள் பத்துத் தடவை நட்சத்திரம் குத்திவிடக் கூடாதென்று தர்ஷிகா எழுதின விதி. ஒற்றைப் போனை அண்ணன், தங்கை, தான் என்று மூன்று பேரும் பிடுங்கிப் படித்த வீட்டில் வளர்ந்தவள் எழுதினது. பட்டம் வாங்கின கையோடு அந்த வீட்டை எங்கே தொலைத்தாள்? திரும்பி வரும் ஃபெரியில் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அதே சமயம் சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்தொரு பிள்ளைகள் ஒரு கோழியை ஃபெரி ஏற்றியிருக்கிறார்கள். இதைவிட வேறென்ன வேண்டும் இந்தப் பிளேயருக்கு!

இவ்வளவையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கார்த்திகன் நாற்காலியில் உட்கார்ந்தார். கோழிக்குச் சிரித்தார், டிவிக்குச் சிரிக்கவில்லை.

“அடுத்த அப்டேட்ல பட்டன் போட்டுக்கலாம், தர்ஷி. நாலு டேப்லெட்டுக்காக நூத்திருபது ஸ்கூலயும் நிறுத்தச் சொல்றியா?”

“அடுத்த அப்டேட் மூணு மாசம் கழிச்சு. பழசு திங்கட்கிழமையே மூடுது. மூணு மாசம் அந்தப் பிள்ளைங்க உள்ள போக முடியாது. மறந்துட்டு டிவி பாக்கப் போயிரும்.” கையிலிருந்த தாளை அவர் முன்னால் வைத்தாள். “நாலு டேப்லெட் மட்டும் இல்லண்ணே. காலையில ஏழு மணிக்கே வந்து எல்லா ஸ்கூல்லயும் பிள்ளைங்க எத்தனை, வந்த பதில் எத்தனைன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். எழுபத்தாறு ஸ்கூல்ல இதே கதை. ரெண்டு வாரம் குடுங்க. பட்டனத் திருப்பிப் போடுவோம், எல்லாரையும் மறுபடி கேப்போம்.”

அவர் தாளைப் பார்த்தார். பிறகு மேசை மூலையில் கிடந்த இன்னொரு தாளைப் பார்த்தார். தர்ஷிகாவின் பணி உறுதிக் கடிதம் அது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. துறைமுகத்தில் கண்டெய்னர்களைக் கட்டும் அவள் அப்பா, திங்கட்கிழமையோடு மகள் நிரந்தரம் என்று கூட்டாளிகளுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டார்.

“தேதியத் தள்ளினா இதுல நான் கையெழுத்துப் போடறது கஷ்டம்,” என்றார் மெதுவாக. மிரட்டலாகச் சொல்லவில்லை. பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

“தெரியும்ண்ணே.”

அவர் பெருமூச்சோடு மடிக்கணினியைத் திறந்தார். வெளியீட்டுக்கு முன் ஐந்து பேர் ஐந்து கட்டத்தில் டிக் போட வேண்டும், ஒன்று குறைந்தாலும் வெளியீடு திறக்காது. அவரே வைத்த ஏற்பாடு. நேற்றுவரை ஐந்தும் பச்சையாக இருந்தன. இன்றைக்கு நான்குதான். ‘பயனர் கருத்து’ காலியாக இருந்தது. டிக் எடுக்கப்பட்ட நேரம் எட்டு நாற்பது.

“எடுத்துட்டுத்தான் வந்து கேக்கறியா?”

“சொல்லாம இருந்தா மரியாதை இல்லல்ல. வேற யாரையாச்சும் வச்சு டிக் போட்டுக்கலாம். ஆனா என் பேருல அது விழாது.”

அடுத்த அறையில் கக் நோர்மாவின் விசைப்பலகைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

தர்ஷிகா கடிதத்தைத் தொடவில்லை. சார்ஜில் இருந்த இரண்டு டேப்லெட்டைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள், ஆபீஸ் சொத்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்று மணிக்கு வகுப்பு. அதற்குள் ஃபெரியில் பட்டர்வொர்த் இறங்கி, சிம்பாங் அம்பாட் போய்ச் சேர வேண்டும், வழியில் அந்தப் பாழாய்ப்போன விதியை அழிக்க வேண்டும். கார்த்திகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் இரண்டிரண்டு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள்.