வேலியோரத்து ஒப்பந்தம்

ஆர்லீன் ஜனநாயகக் கட்சி. பக்கத்து வீட்டு கஸ் டெடெஸ்கோ குடியரசுக் கட்சி. பதினெட்டு வருஷமாக, அவர்கள் மாவட்டமான கவுண்டியின் கவுன்சில் தேர்தல் வந்தால் இருவரும் வேலியோரம் நின்று ஒருவரையொருவர் வாரிவிட்டு, ஒரே காரில் போய் ஓட்டுப் போட்டு வருவார்கள்.

இந்த நவம்பரில் கொட்டு கொட்டென்று கொட்டியது மழை. கஸ்ஸுக்கு முழங்கால் வலி வேறு.

“நீயும் போகாதே ஆர்லீன், நானும் போகலை. உன் ஓட்டை என் ஓட்டு தின்னுடும். எதுக்கு வீணா நனையணும்?”

“சரி கிழவா, போய்ப் படு.”

அவர் வீட்டுத் திரை மூடியதும் ஆர்லீன் வாக்குச்சாவடி இருந்த தீயணைப்பு நிலையத்துக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டாள். ஒரு ஓட்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள், பாழாய்ப்போன புத்தி.

அந்த ஒரு ஓட்டில்தான் அவள் கட்சிக்காரர் ஜெயித்தார். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கவுண்டி கவுன்சிலே கட்சி மாறிக் கைமாறியது.

மறுநாள் கஸ் நொண்டிக்கொண்டே ஆப்பிள் கேக்கோடு வந்தார்.

“ஜெயிச்சுட்டீங்க, சாப்பிடு! எங்காளுங்க என்னைக் கரிச்சுக் கொட்டறாங்க, நான் வந்திருந்தா சமமாகியிருக்குமாம். அட முட்டாளுங்களா, நான் போனா ஆர்லீனும் போயிருப்பாளே, அப்பவும் அதே ஒரு ஓட்டுதானேன்னு கேட்டேன்.”

கதவுக்குப் பின்னால் அவளுடைய மழைக்கோட்டு தொங்கியது. வாக்குச்சாவடியில் ஒட்டிவிட்ட ‘நான் ஓட்டுப் போட்டேன்’ என்ற ஸ்டிக்கர் அதன் மார்பிலேயே இருந்தது.

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, உள்ளே வா என்று சொல்லாமல், வாசலிலேயே கேக்கை வாங்கிக்கொண்டாள்.